சுவரோரச் சங்கிலிகள்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரே கேள்விக்கு இரண்டு பேர் பதில் தேடிக்கொண்டிருந்தோம். ஒருத்தி நான். இன்னொருத்தி என் அக்கா. ஒரே அறையில் தூங்கி எழுந்து, ஒரே கண்ணாடிக்கு முன்னால் முட்டி மோதித் தலை வாரி, ஒரே பஸ்ஸில் வந்து, அந்தத் திங்கட்கிழமைக் கூட்டத்தில் நேர் எதிரான இரண்டு பதில்களைச் சொன்னோம்.

கேள்வி இதுதான். டயர் ரப்பருக்குள் உறுதிக்காக மிக நுண்ணிய கண்ணாடித் துகள்களைக் கலக்கிறார்கள். ரப்பர் என்பது நீள நீளமான சங்கிலி மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கும் கூட்டம். அவை சும்மா கிடப்பதில்லை, ஓயாமல் நெளிந்துகொண்டே இருக்கும். துகளின் மேற்பரப்பை ஒட்டி இருக்கும் சங்கிலிகள் எப்படி நெளிகின்றன? மற்றவற்றைவிட வேகமாகவா, மெதுவாகவா?

நான் நியூட்ரான்களைக் கொண்டு பார்க்கிறவள். நியூட்ரானுக்குச் சாதாரண ஹைட்ரஜன் பளிச்சென்று தெரியும். கன ஹைட்ரஜன் கண்ணிலேயே படாது என்று சொல்லலாம். அதனால் துகளை ஒட்டிய சங்கிலிகளில் மட்டும் சாதாரண ஹைட்ரஜனை விட்டுவிட்டு, மீதி எல்லாவற்றிலும் கன ஹைட்ரஜனைப் போட்டுத் தயாரிப்போம். பெரிய கூட்டத்தில் நமக்கு வேண்டியவர்களுக்கு மட்டும் சிவப்புச் சட்டை மாட்டிவிடுவது மாதிரி. நெளிகிற சங்கிலியில் மோதிச் சிதறும் நியூட்ரானின் வேகம் சற்றே மாறும். எத்தனை நியூட்ரான் எவ்வளவு மாறியது என்று வரைந்தால் கூம்பு மாதிரி ஒரு கோடு வரும். சங்கிலி மெதுவாக அசைந்தால் கூம்பு ஒல்லி. வேகமாக அசைந்தால் அகலம்.

அக்கா சங்கிலிகளைக் கம்ப்யூட்டருக்குள் செய்கிறவள். ஒரு பெட்டி, ஒரு சுவர், உள்ளே சங்கிலிகள். எது எதை எவ்வளவு பலமாக இழுக்கும் என்று எண்களைக் கொடுத்துவிட்டு, ஓடவிட்டு வேடிக்கை பார்ப்பாள். அந்த நெளிவைக் கணக்கிட்டு அவளும் அதே மாதிரி ஒரு கூம்பு வரைவாள். அவள் கை அழுக்காகாது. அவள் சங்கிலிகள் பாட்டிலிலிருந்து கொட்டியதும் இல்லை.

எங்கள் பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் ‘பார்ப்போம் சார்’. லீவு கேட்டால் பார்ப்போம். புது பம்ப்பு கேட்டால் பார்ப்போம். ஒருமுறை ஒருவர் மூக்கில் ரத்தம் வழிய அவர் முன்னால் போய் நின்றபோதும் “பார்ப்போம்” என்றார். அன்று மட்டும் உண்மையிலேயே பார்த்தார்.

“தங்கச்சி என்ன சொல்றீங்க?” என்றார் அந்தத் திங்கட்கிழமை.

நான் கிராஃபைத் திரையில் காட்டினேன். பேசுவதைவிடக் காட்டுவது எனக்குச் சுலபம்.

“அகலமா இருக்கு. அப்போ வேகமா அசையுது.”

தலையாட்டினேன்.

“அக்கா?”

“மெதுவா சார். ரொம்ப மெதுவா. சுவரைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு நகரவே மாட்டேங்குது. அரசாங்க ஆபீஸ்ல பைல் நகர்ற மாதிரி.”

அவர் இரண்டு கிராஃபையும் மாறி மாறிப் பார்த்தார். “ரெண்டு பேரும் ஒரே வீட்டுலேர்ந்துதானே வர்றீங்க? பஸ்ல பேசிக்கவே மாட்டீங்களா?”

“இவ எங்கே சார் பேசுறா? இவளுக்கும் சேர்த்து நான்தான் டிக்கெட்டே கேக்கணும்.”

எல்லாரும் சிரித்தார்கள். நான் கிராஃபின் ஓரத்தில் இருந்த எண்களை மும்முரமாகப் படித்தேன்.

சிரிப்பு அடங்கியதும் விஷயம் கசப்பானது. நியூட்ரான் எங்கள் கூடத்தில் கிடைக்காது. வேறு ஊரில் பெரிய மையம் ஒன்று இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை விண்ணப்பித்தால், ஒரு குழு உட்கார்ந்து யோசித்து, பிடித்தால் சில நாட்கள் தருவார்கள். எனக்கு முதல் முறை கிடைத்தது ஒத்திகை மாதிரி கொஞ்ச நேரம். அதை வைத்து ஆய்வேடு எழுத முடியாது. இரண்டாவது முறை கிடைத்தே ஆகவேண்டும். அடுத்த வருட வாய்ப்பு வருவதற்குள் ஆய்வு மாணவியாக என் காலம் முடிந்துவிடும். வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

“வெள்ளிக்கிழமை விண்ணப்பம் போகணும்,” என்றார் பேராசிரியர். “அளவும் கணக்கும் ஒத்துப்போனா அனுப்புவேன். இல்லன்னா மாட்டேன். போன தடவை வேற ஒருத்தருக்காக ஒத்துப்போகாததை அனுப்பி, குழுவுல எல்லாரும் என் முகத்தைப் பார்த்துச் சிரிச்சாங்க. வியாழக்கிழமை ரெண்டு பேரும் ஒரே பதிலோட வாங்க.”

“வரலன்னா சார்?” என்று அக்கா கேட்டாள்.

“பார்ப்போம்,” என்றார். அந்தப் பார்ப்போமுக்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும்.

அன்று வீட்டில் சண்டை. அப்பா கப்பலில் வேலை செய்கிறவர். வருடத்தின் பெரும்பகுதி அவர் கடலில் இருப்பதால் வீட்டுச் சட்டம் ஒழுங்கு அம்மாவின் கையில். அம்மா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். வேலை முடிந்து வந்தாலும் கழுத்தில் விசில் தொங்கும். கழற்ற மறந்ததாகச் சொல்வாள். நாங்கள் நம்பியதில்லை.

“உன் டப்பாவிலதான் ஏதோ கோளாறு,” என்றாள் அக்கா, தட்டை எடுத்துக்கொண்டே. “என் கணக்கை எத்தனை தடவை ஓட்டினாலும் அதே பதில்தான் வருது.”

“ஒரே கேள்வியைக் கேட்டா ஒரே பதில்தான் வரும்,” என்றேன்.

“பார்றா, ஊமைக்கோட்டானுக்கு வாய் வந்துடுச்சு! இதை அங்கே சொல்லியிருக்க வேண்டியதுதானே?”

அம்மா ஊதினாள். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

“எதுக்குடி சண்டை? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.”

“சுவரோரம் இருக்கிறது ஓடுமா, ஓடாதான்னு,” என்றாள் அக்கா.

“ஓடாது,” என்றாள் அம்மா. யோசிக்கவே இல்லை. “மைதானத்துச் சுவர்ல சாய்ஞ்சு நிக்கிற பசங்க எவன் ஓடியிருக்கான்? ஊதி ஊதி என் வாய்தான் வலிக்கும்.”

“பார்த்தியா!”

“பந்து அந்தப் பக்கம் வந்தா?” என்று நான் மெல்லக் கேட்டேன்.

அம்மா கையில் எடுத்த கரண்டியோடு நின்றாள். “பந்து வந்தா ஓடுவான். விழுந்தடிச்சு ஓடுவான். முட்டி பேர்ந்துடும்.”

“அம்மா, நீ யார் பக்கம்?”

“நான் நடுவர். சாப்பிடுங்க.”

அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. வேண்டியதை அம்மா வழியாகச் சொல்லி அனுப்பினோம். “சீப்பை எங்கே வெச்சான்னு அவளைக் கேளு” என்று, அவள் எனக்குக் கை எட்டும் தூரத்தில் இருந்துகொண்டே சொன்னாள். “மேஜை மேலன்னு சொல்லும்மா” என்றேன். அம்மா “மேஜை மேல” என்றாள். கொஞ்ச நேரத்தில் அம்மாவுக்கு அலுத்துப்போய், எங்களைப் பார்க்காமலேயே இரண்டு பக்கமும் கையை மட்டும் ஆட்ட ஆரம்பித்தாள், சந்தியில் நிற்கும் போக்குவரத்துப் போலீஸ் மாதிரி.

செவ்வாய்க்கிழமை என் மேஜையில் உட்கார்ந்து என் கூம்பை முறைத்தேன்.

அதில் ஓர் இடம் எனக்கே உறுத்தியது. நியூட்ரான் சங்கிலியில் மட்டும் சிதறுவதில்லை. சங்கிலியை அடைத்து வைத்த அலுமினிய டப்பாவிலும் சிதறும், அக்கம்பக்கத்திலும் சிதறும். இந்தத் தேவையில்லாத சிதறலைப் பின்னணி என்போம். காலி டப்பாவைத் தனியாக வைத்து அளந்து, அதை மொத்தத்திலிருந்து கழிக்க வேண்டும். முதல் முறை கிடைத்த நேரத்தை எல்லாம் நான் சங்கிலிகளுக்கே கொடுத்துவிட்டேன். காலி டப்பாவை ஒப்புக்கு அளந்தேன். அதனால் எவ்வளவு கழிப்பது என்பதில் கொஞ்சம் இடம் இருந்தது. குறைவாகக் கழித்தால் கூம்பு பாவாடை விரித்த மாதிரி அகலமாக நிற்கும். அதிகமாகக் கழித்தால் இடுப்பு ஒடுங்கி ஒல்லியாகிவிடும்.

நான் இதுவரை குறைவாகக் கழித்திருந்தேன். கொஞ்சம் அதிகமாகக் கழித்தால் என்ன?

அக்கா சொல்வது எப்போதும் சரியாக இருந்திருக்கிறது. எந்தப் பஸ் எங்கே போகும் என்பதிலிருந்து, எந்தச் சித்தி எதற்காக அழுகிறாள் என்பது வரை. அவள் மெதுவு என்றால் மெதுவாகத்தான் இருக்கும். தவிர, ஒத்துப்போனால் வியாழக்கிழமை நான் யாரோடும் வாதாட வேண்டாம். தலையாட்டினால் போதும். இதற்கு ஏற்ற அறிவியல் காரணம் ஒன்றையும் கண்டுபிடித்தேன். தேடினால் அது எப்போதும் கிடைக்கும்.

பின்னணியைக் கொஞ்சம் கூட்டினேன். கூம்பு ஒடுங்கியது. இன்னும் கொஞ்சம் கூட்டினேன். அக்காவின் கோட்டின் மேல் அப்படியே போய்ப் படுத்துக்கொண்டது. பார்க்க அழகாக இருந்தது. என் அழகில்லை, ஆனாலும் அழகுதான்.

புதன்கிழமை காலை அக்கா பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை எனக்கு விட்டுக்கொடுத்தாள். பிறந்ததிலிருந்து அப்படி ஒன்று நடந்ததில்லை. ஜெயித்துவிட்ட தெம்பு என்று நினைத்துக்கொண்டேன்.

“உன் கூம்பு சரியா எவ்வளவு அகலம்?” என்று அவள் நேராக என்னிடமே கேட்டாள்.

“ஏன்?”

“சும்மாதான்.”

பழைய அகலத்தைச் சொன்னேன். புதியதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. பிறகு நானும் கேட்டேன்: “உன் சுவர் எவ்வளவு ஒட்டும்?”

“ஏன்?”

“சும்மாதான்.”

அவளும் சொன்னாள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு, மிகுந்த திருப்தியோடு பயணம் செய்தோம்.

வியாழக்கிழமை. கூட்ட அறையில் நாற்காலிகள் நிரம்பியிருந்தன. அக்கா தங்கை சண்டை என்றால் வேலை இருக்கிறவர்களுக்கும் நேரம் கிடைத்துவிடும். கூடத்துக் கண்ணாடிச் சாமான்களைச் செய்து தரும் ஊதுகாரர்கூட வாசலில் சாய்ந்து நின்றார்.

“தங்கச்சி,” என்றார் பேராசிரியர்.

நான் கிராஃபைக் காட்டினேன். அன்று துணிச்சலாக வாயையும் திறந்தேன். “மெதுவா சார். பின்னணியைச் சரியா கழிச்சா மெதுவாதான் வருது.”

“அப்பாடா!” அவர் முகம் மலர்ந்தது. பேனாவின் மூடியைக் கழற்றினார். “அக்கா அதையேதான் சொன்னாங்க. முடிஞ்சது. அக்கா, நீங்களும் ஒரு தடவை காட்டிடுங்க.”

அக்கா எழுந்திருக்கவில்லை. என் கிராஃபை வெறித்துக்கொண்டிருந்தாள். தன் குழந்தையின் கையில் வேறு யாருடைய பொம்மையையோ பார்த்துவிட்டவள் மாதிரி.

“அக்கா?”

அவள் தன் கிராஃபைத் திரையில் போட்டாள். கூம்பு அகலமாக, பாவாடை விரித்து உட்கார்ந்திருந்தது.

“வேகமா சார்,” என்றாள், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற குரலில்.

யாரோ இருமினார்கள். பேனா மூடி மேஜைக்கு அடியில் உருண்டு போனது.

“எப்படிடி மெதுவாகும்?” அக்கா என் பக்கம் திரும்பினாள். “நீதானே அளந்தே, வேகம்னு?”

“நீதானே சொன்னே, சுவரைப் பிடிச்சுக்கும்னு?”

“நான் சொன்னா மாத்திடுவியா? நான் சொல்லி என்னைக்குக் கேட்டிருக்கே நீ? குடை எடுத்துக்கோன்னு சொன்னா கேக்கிறதில்ல. சாப்பிட்டுப் போன்னு சொன்னா கேக்கிறதில்ல. இதை மட்டும் கேப்பியா?”

“நீ எதுக்கு மாத்தினே?”

“நீ அழுவியேன்னு.”

“நான் எங்கே அழுதேன்?”

“அழுவேல்ல! உனக்கு நேரம் கிடைக்கலன்னா அழுவியா மாட்டியா?”

“கொஞ்சம் இருங்க,” என்றார் பேராசிரியர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டார். திரை மாறவில்லை. “திங்கட்கிழமை நான் இதே நாற்காலியிலதானே உக்காந்திருந்தேன்?”

“ஆமா சார்.”

“அன்னைக்கு இவங்க வேகம், அவங்க மெதுவு.”

“ஆமா சார்.”

“இன்னைக்கு...”

“ஆமா சார்.”

அவர் தண்ணீர் குடித்தார். “அக்கா, என்ன மாத்தினீங்க?”

“சுவரோட ஒட்டுற பலத்தைக் கொஞ்சம் குறைச்சேன் சார்.”

“எவ்வளவு கொஞ்சம்?”

“இவ கூம்போட சேர்ற வரைக்கும்.”

“தங்கச்சி?”

“பின்னணியைக் கொஞ்சம் கூட்டிக் கழிச்சேன் சார்.”

“எவ்வளவு... சரி, வேண்டாம், நீங்க சொல்ல வேண்டாம்.”

ஊதுகாரர் வாசலிலேயே குந்தி உட்கார்ந்து, முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு குலுங்கினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் ஆரம்பித்தார்கள்.

“வீட்டுல விட்டுக்கொடுங்கம்மா,” என்றார் பேராசிரியர். “டிவி ரிமோட்டை விட்டுக்கொடுங்க. ஜன்னலோர சீட்டை விட்டுக்கொடுங்க. யாராவது கிராஃபை விட்டுக்கொடுப்பாங்களா?” குரல் தணிந்தது. “இதை நான் எப்படி அனுப்புவேன்? திங்கட்கிழமை ஒத்துப்போகல. இன்னைக்கும் ஒத்துப்போகல. அதுவும் திருப்பிப் போட்டு ஒத்துப்போகல.”

காகிதங்களை அடுக்கத் தொடங்கினார். அவர் காகிதங்களை அடுக்கினால் கூட்டம் முடிந்தது என்று அர்த்தம். நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. என் ஆய்வேடு அந்தச் சத்தத்தோடு எழுந்து வெளியே போவது எனக்குத் தெரிந்தது.

“சார், என்னன்னா சார்,” என்று அக்கா எழுந்தாள். “இவ என்ன நினைக்கிறான்னா...”

“நான் சொல்றேன்,” என்றேன்.

அது யாருடைய குரல் என்று அக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். நானும் பார்த்திருப்பேன், வாய் என்னுடையதாக இல்லாமல் இருந்திருந்தால்.

“எனக்குத் தெரியல சார்,” என்றேன்.

“என்ன தெரியல?”

“வேகமா, மெதுவான்னு. அக்காவுக்கும் தெரியாது. திங்கட்கிழமை ரெண்டு பேரும் தெரிஞ்ச மாதிரி சொன்னோம். நான் பின்னணியை ஒழுங்கா அளக்கல. அதனால என் கூம்பு அகலமாவும் இருக்கலாம், ஒல்லியாவும் இருக்கலாம். அக்கா சுவரோட பலத்தை ஊகிச்சுதான் போட்டிருக்கா. அதை அளந்தவங்க யாருமே இல்ல.” மூச்சு வாங்கியது. வாங்கிக்கொண்டு தொடர்ந்தேன். “திங்கட்கிழமை இருந்த ரெண்டு கோட்டையும் அப்படியே வெச்சு அனுப்பலாம் சார். ஒத்துப்போகலன்னே எழுதி அனுப்பலாம். காலி டப்பாவை நல்லா அளக்க நேரம் வேணும்னு கேக்கலாம். பதில் தெரிஞ்சவங்களுக்கு எதுக்கு சார் நியூட்ரான்?”

என் காதுகள் சூடாகி, இரண்டு பக்கமும் யாரோ இஸ்திரிப் பெட்டியை வைத்த மாதிரி இருந்தன.

“தெரியலன்னு எழுதினா குழுவுல சிரிப்பாங்கம்மா.”

“சிரிக்கட்டும் சார்,” என்றேன். “நான் அங்கே இருக்க மாட்டேன். நீங்கதானே இருப்பீங்க.”

ஆறுதலாகத்தான் சொன்னேன். ஆனால் ஊதுகாரர் தரையில் படுத்தேவிட்டார். பேராசிரியர் என்னை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு அவருடைய தோள்களும் குலுங்கத் தொடங்கின. சிரித்து முடித்ததும், மேஜைக்கு அடியில் குனிந்து பேனா மூடியைத் தேடி எடுத்தார்.

“உக்காருங்க,” என்றார். “அந்தப் பழைய கோட்டைத் தேடி எடுங்க. அழிச்சுடலையே?”

அழிக்கவில்லை. அக்காவும் அழிக்கவில்லை. மாற்றிய கோடுகளை அங்கேயே, எல்லாரும் பார்க்க, குப்பையில் போட்டோம். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் குப்பைத்தொட்டியானாலும் காகிதம் கசங்குகிற சத்தம் ஒன்று வரும். இரண்டு முறை வந்தது.

விண்ணப்பம் வெள்ளிக்கிழமை போனது. குழுவில் சிரித்தார்களா என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் நேரம் கிடைத்தது. கேட்டதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே கிடைத்தது. கூடவே ஒரு நிபந்தனை. கணக்குப் போடுகிறவர் தன் பதிலை அளவு தொடங்கும் முன்பே பேராசிரியரிடம் பூட்டி வைத்துவிட வேண்டும். அளவு முடியும் வரை இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது.

அம்மாவிடம் சொன்னபோது அவளுக்கு அந்தக் குழுவின் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. “இத்தனை நாளா எனக்கு இது தோணலையே,” என்றாள். அன்றிலிருந்து சங்கிலி, சுவர், கூம்பு என்று யார் வாயிலிருந்து வந்தாலும் விசில். ஒருநாள் அக்கா தன் கழுத்துச் சங்கிலி அறுந்துவிட்டது என்று சொல்லப்போய் அதற்கும் ஊதல் வாங்கினாள்.

அப்போதுதான் ஒன்று தெரிந்தது. எங்களுக்குப் பேச வேறு எதுவும் இல்லை.

“இன்னைக்கு நல்ல வெயில்,” என்றாள் அக்கா பஸ்ஸில்.

“ஆமா,” என்றேன்.

அத்தோடு எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்த விஷயங்கள் தீர்ந்துவிட்டன. மீதி வழியெல்லாம் அக்கா முன் சீட்டுக்காரரின் செய்தித்தாளைப் படித்தாள். அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டுவதற்காக நானும் காத்திருந்தேன்.

அவள் சுவரின் பலத்தை ஊகிக்காமல், கண்ணாடியின் அணுக்களிலிருந்தே கணக்கிட்டு, புதிதாக ஓடவிட்டு, பதிலைப் பேராசிரியரிடம் கொடுத்தாள். என்ன பதில் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலிருக்க நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

நியூட்ரான் மையத்துக்கு அவளும் வந்தாள். கணக்குப் போடுகிறவர்களுக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. “துணைக்கு,” என்றாள்.

விமானம் நிறுத்தலாம் போலப் பெரிய கூடம். தரையெங்கும் மஞ்சள் கோடுகள். மனிதர் உயரத்துக்கும் மேல் கான்கிரீட் கட்டிகள், தலைக்கு மேலே நகரும் கிரேன், எங்கிருந்தோ இடைவிடாமல் ஒரு பம்ப்பின் முனகல். எங்கள் கருவியைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள், அக்காவின் அடையாள அட்டையைப் படித்துவிட்டு, “கணக்குக்காரங்க உள்ளே வரக் கூடாது, நிபந்தனை இருக்கு” என்று அவளைக் கூடத்து ஓரமாக ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார். அக்கா அங்கே உட்கார்ந்து, கட்டுப்பாட்டு அறையின் கண்ணாடி வழியாக என் முதுகைப் படிக்க முயன்றுகொண்டிருந்தாள். நான் முதுகை ஆடாமல் வைத்துக்கொண்டேன்.

முதலில் காலி டப்பா. ஒன்றுமில்லாத ஒன்றை அவ்வளவு பொறுமையாக நான் பார்த்ததில்லை. அந்த அம்மாள் நடுவில் வந்து, “இன்னும் இதைத்தான் அளக்கிறீங்களா?” என்றார். “ஆமா,” என்றேன். “நல்ல பழக்கம்,” என்றார். “பாதிப் பேர் இதுக்குத்தான் நேரம் இல்லன்னுவாங்க.” நான் அவர் பார்வையைத் தவிர்த்து, டப்பாவைப் பார்த்தேன்.

பிறகு சங்கிலிகள் போட்ட டப்பா. புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஆரம்பத்தில் மணல் சிதறிய மாதிரி ஒன்றும் புரியவில்லை. மறுநாள் மதியத்துக்குள் ஒரு உருவம் வந்துவிட்டது. பின்னணியைக் கழித்தேன், இந்த முறை அளந்ததை மட்டும், கூட்டாமல் குறைக்காமல். பாவாடை முழுவதும் கரைந்துபோனது. மிஞ்சியது ஊசி மாதிரி ஒல்லியான கூம்பு.

மெதுவு. சுவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, நகரவே மாட்டாத மெதுவு.

என் முதல் அகலம் வெறும் டப்பாவின் கைவரிசை. பேராசிரியருக்குப் போன் செய்து அகலத்தைப் படித்தேன். மறுமுனையில் அவர் அக்காவின் பதில் இருந்த உறையைப் பிரிக்கும் சத்தம் கேட்டது.

“ஒத்துப்போகுதும்மா,” என்றார். நம்ப முடியாதவர் போல இன்னொரு முறை சொன்னார். “தானாவே ஒத்துப்போகுது. எழுத ஆரம்பிங்க.”

எழுத ஆரம்பிக்கலாம். ஆய்வேட்டுக்கு ஓர் அத்தியாயம் கிடைத்துவிட்டது. நான் தோற்றுப்போய்த்தான் அது கிடைத்தது, ஆனாலும் கிடைத்தது. வெளியே வந்து அக்காவைக் கூப்பிட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் முகத்தையும் ஆடாமல் வைத்துக்கொண்டேன்.

கூடத்தை விட்டு வெளியேறும் இடத்தில் ஒரு கருவி இருக்கிறது. அதன் மேல் ஏறி நின்று, இரண்டு கைகளையும் பொந்துகளுக்குள் விட்டுக்கொள்ள வேண்டும். கையிலோ காலிலோ கதிரியக்கம் ஒட்டியிருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துத்தான் கதவைத் திறக்கும். நடுவில் கையை எடுத்தால் கத்திவிட்டு, முதலிலிருந்து எண்ணத் தொடங்கும். அக்கா முன்னால் ஏறி, கைகளை உள்ளே விட்டாள்.

இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று தோன்றியது.

“நீ முதல்ல சொன்னதுதான்,” என்றேன். “மெதுவு.”

அவள் கையை உருவினாள். கருவி கத்தியது.

“மெதுவா? திங்கட்கிழமை நான் சொன்ன மெதுவா?”

“அதே மெதுவு. கையை உள்ளே வை.”

வைத்தாள். கருவி மறுபடி எண்ணத் தொடங்கியது. நான் எதிர்பார்த்தது அவள் துள்ளிக் குதிப்பாள், வீட்டுக்குப் போகும் வரை, அடுத்த தலைமுறை வரை, இதைச் சொல்லிக் காட்டுவாள் என்று. அவள் முகமோ கோணிக்கொண்டு போனது.

“அப்போ நான் எதுக்குடி மாத்தினேன்?” மறுபடி கை வெளியே வந்தது. மறுபடி கத்தல். “சரியா இருந்ததைப் போய் மாத்தினேனே! அத்தனை பேர் முன்னாடி! உனக்காக! அந்தச் சுவரோட பலத்தைக் குறைக்கும்போது எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா?”

“கையை உள்ளே வை அக்கா.”

“நீ தப்பான கூம்பை வெச்சுக்கிட்டு, தப்பான காரணத்துக்காக, சரியான பதிலைச் சொல்லியிருக்கே. நான் சரியான பதிலை வெச்சுக்கிட்டு... ஏய், சிரிக்காதே! இதுல யாருடி சரி?”

“நீதான் சரி. கையை வை.”

“இன்னொரு தடவை சொல்லு.”

“நீதான் சரி.”

வைத்தாள். எண்ணிக்கை பாதியைத் தாண்டியது. “அம்மாகிட்ட நீயே சொல்லணும்,” என்று விரலை ஆட்டினாள். கருவி தொண்டை கிழியக் கத்தியது.

பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. கையில் பெட்டிகளோடும் தலைக்கவசங்களோடும், முன்பின் தெரியாத பல பேர். யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் திரும்பி, அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னேன்:

“இவங்க என் அக்கா. கொஞ்ச நேரம் ஆகும்.”